செத்த பேட்டரிக்குப் பொட்டு வைத்தது யார்?

ஒரு மோட்டார் சைக்கிள் பேட்டரிக்காகப் பதுளையிலிருந்து துப்பறிவாளர் புறப்பட்டு வருவாரா என்று நீங்கள் கேட்கலாம். கிருஷ்ணராஜும் அதைத்தான் கேட்டுக்கொண்டே வந்தான். பசறையில் கேட்டான். பசறை தாண்டி மடுல்சீமை ஏற்றத்தில் கேட்டான். பனி இறங்கி முன்கண்ணாடியில் ஒன்றும் தெரியாமல் தலையை வெளியே நீட்டி ஆட்டோ ஓட்டிய நேரத்திலும், மூக்கில் நீர் சொட்டச் சொட்டக் கேட்டான்.

"பேட்டரி இல்லை ராஜ், கலியாணம்" என்றாள் பின்சீட்டில் இருந்த யசோதினி. "நீர் ரோட்டைப் பாரும்."

யசோதினி முன்பு ஓர் இன்சூரன்ஸ் கம்பனியில் இருந்தவள். மோதிய வாகனத்தைச் சுற்றி வந்து, எது மோதியது, எது மோதியதாகச் சொல்லப்படுகிறது என்று பிரித்துச் சொல்வது அவள் வேலை. அதை விட்டுவிட்டு இப்போது பதுளையில் ஒரு தையல்கடை மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறாள். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து பதுளைக் கச்சேரிக்கு, அதாவது அரசாங்கச் செயலகத்துக்கு, எழுதுவினைஞராக வந்தவர். மகள் பிறந்ததும் வளர்ந்ததும் பதுளையில்தான் என்றாலும், அவள் நாக்கு மட்டும் அப்பாவின் ஊரிலேயே தங்கிவிட்டது. கிருஷ்ணராஜ் அப்புத்தளைக்காரன். நிலையத்துக்கு வாகனமும் அவன்தான், உதவியாளனும் அவன்தான். வாய்க்கும் அவனே பொறுப்பு.

விஷயம் இதுதான். மடுல்சீமைக் கடைவீதியில் சின்னதாகக் கராஜ் வைத்திருக்கும் கிஷாந்தனுக்கும், பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி அழகையாவின் மகள் லதுஷாவுக்கும் கல்யாணப் பேச்சு முடிந்துவிட்டது. இன்று புதன்கிழமை பின்னேரம் மாப்பிள்ளை வீட்டார் பரிசத் தட்டோடு வருவதாக ஏற்பாடு. இதற்கிடையில் அழகையாவின் மோட்டார் சைக்கிள் பேட்டரி செத்துப்போனது. முழங்கால் வலிக்காரர், கிக் அடிக்க முடியாது, பட்டனை அழுத்தினால்தான் அவருக்கு வண்டி. பதுளையில் புதுப் பேட்டரி வாங்கி வந்தார். திங்கள் பின்னேரம் கிஷாந்தன் வீட்டுக்கே வந்து, எல்லோர் கண்ணுக்கும் முன்னால் அதை மாட்டிக் கொடுத்தான். புதுப் பேட்டரியைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று அன்றைக்குத் தானே கிக் அடித்து வண்டியை எழுப்பிக் காட்டிவிட்டுப் போனான்.

செவ்வாய்க் காலை அழகையா பட்டனை அழுத்தினார். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பக்கமூடியைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே இருந்தது அதே பழைய பேட்டரி. கரண்ட் போகும் நாளில் ஒரு பல்பாவது எரிக்கலாம் என்று மூலையில் எடுத்து வைத்திருந்தாரே, அது. மூலை காலி. புதுசைக் காணோம்.

அழகையாவுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பையன் புதுசைக் காட்டிப் பழசை மாட்டிவிட்டான், புதுசைச் சாமான் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டான், அதனால்தான் பட்டனைத் தொடாமல் கிக் அடித்தான் என்று முடிவு கட்டிவிட்டார். பேட்டரி வராமல் தட்டும் வரக் கூடாது, பேட்டரித் திருடனுக்கு என் வீட்டில் பெண் இல்லை என்று சொல்லியனுப்பிவிட்டார். தோட்டத்து வரிசை வீடுகளான லயம் முழுக்க அது பரவி, கடைவீதிக்கும் இறங்கிவிட்டது. கிஷாந்தன்தான் போன் போட்டு யசோதினியைக் கூப்பிட்டான். பெண் கிடைக்காவிட்டால் தாங்கிக்கொள்வானோ என்னவோ, திருடன் என்ற பெயரோடு அந்தக் கடைவீதியில் அவனால் கராஜைத் திறக்க முடியாது.

லயத்தின் மேல்கோடி வீடுதான் அழகையாவுடையது. வாசல் திண்ணையான இஸ்தோப்பில் சிவப்பு மோட்டார் சைக்கிள் நின்றது. அதற்கு முன்னால் ஒரு ஸ்டூல். ஸ்டூலில் அழகையா, பட்டப்பகலில் கையில் டோர்ச் லைட்டோடு. செவ்வாய்க் காலையிலிருந்து இந்த இடத்தை விட்டு நகரவில்லை என்றும், சாப்பாடும் தூக்கமும் இங்கேதான் என்றும் பெருமையோடு சொன்னார். சாட்சிப் பொருளில் யாரும் கை வைத்துவிடக் கூடாதாம்.

"வண்டிய ரிமாண்ட்ல வச்சிருக்கீங்க போல" என்றான் கிருஷ்ணராஜ்.

அழகையா அவனை முறைத்தார். முறைப்பு அவன் மேல் விழாமல், அவனுக்கு ஒரு முழம் இடதுபக்கம் இருந்த தூணின் மேல் விழுந்தது. கிருஷ்ணராஜ் அதைக் கோபத்தின் வேகம் என்று எடுத்துக்கொண்டான். யசோதினி எப்படி எடுத்துக்கொண்டாளோ, அவள் முகத்தைப் பார்த்து யாரால் சொல்ல முடியும்?

உள்ளே இருப்பது பழைய பேட்டரிதான் என்று எப்படி அடையாளம் கண்டீர்கள் என்று அவள் கேட்டாள். பழசுக்கு ஒரு மூலை உடைந்திருக்கும், தடவிப் பார்த்தேன், அதே மூலைதான் என்றார் அழகையா. யசோதினி தலையாட்டிவிட்டுக் குனிந்து பக்கமூடியைக் கழற்றினாள்.

கிருஷ்ணராஜும் எட்டிப் பார்த்தான். தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் அப்பிய கறுப்புப் பெட்டி. ஒரு மூலை உடைந்திருந்தது. வயரைப் பிடித்திருந்த திருகாணித் தலைகள் எலி கடித்ததுபோல் சிதைந்திருந்தன. பெட்டியின் முகத்தில், அந்தத் தூசிக்கு மேலேயே, கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம். சந்தனத்தின் நடுவில் பளிச்சென்று குங்குமப் பொட்டு. இருட்டறைக்குள் மணப்பெண் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

"பற்றரியிலை வேறை அடையாளம் ஏதும் கண்டனீங்களோ?" என்று யசோதினி கேட்டாள்.

அழகையா டோர்ச்சை அடித்துக் குனிந்து பார்த்தார். "வேற என்னங்க அடையாளம். அழுக்குதான் அப்பிக் கெடக்கு."

கிருஷ்ணராஜ் வாயைத் திறந்தான். யசோதினியின் செருப்பு அவன் காலை அழுத்தியது. திறந்த வாயைக் கொட்டாவியாக மாற்றி மூடிக்கொண்டான்.

லயத்துக்குப் பின்னால் முட்டைக்கோவா பாத்தி ஓரமாக வந்த பிறகுதான் அவன் காலுக்கும் வாய்க்கும் விடுதலை கிடைத்தது. திங்கட்கிழமை புதுப் பேட்டரியை மாட்டும் முன்பு, வீட்டு வழக்கப்படி அழகையாவின் மனைவி பாக்கியலெட்சுமி அதற்குப் பொட்டு வைத்திருக்கிறாள். இது கிஷாந்தன் சொன்ன செய்தி. புதுசுக்கு வைத்த பொட்டு பழசுக்கு எப்படி வந்தது?

"ஒருவேளை பொட்டு எடம் மாறிப் படுத்திருக்குமோ மிஸ்?"

"பொட்டு தூசிக்கு மேலை கிடக்கு. இந்தப் பனிக்குச் சந்தனம் இன்னும் வடிவாக் காயவும் இல்லை. பழசுக்கெண்டே ஆரோ புதுசா வைச்சிருக்கினம்." அவள் ஒரு கோவா இலையைக் கிள்ளினாள். "கள்ளன் பொட்டு வைப்பானோ, ராஜ்?"

கிருஷ்ணராஜ் யோசித்தான். திருடப் போகும் முன் சாமி கும்பிடுகிற திருடர்களை அவனுக்கே தெரியும். ஆனால் திருடிய வீட்டு வண்டி நல்லபடியாக ஓட வேண்டும் என்று பொட்டு வைத்துவிட்டுப் போகும் திருடன் ஊவா மாகாணத்தில் இன்னும் பிறக்கவில்லை. அப்படியானால் இது வீட்டுக்காரர் வேலை. பேட்டரி இருந்த பொந்தோ குறுகல். அழகையாவின் விரல் ஒவ்வொன்றும் மொந்தன் வாழைக்காய், மூலையைத் தடவலாமே தவிர, உள்ளே நுழைந்து வட்டமாய்ப் பொட்டு வைக்காது. மிச்சம் இரண்டு பெண்கள்.

அவன் முகம் பிரகாசமானது. பெண்ணேதான், லதுஷாவேதான் என்றான். பேட்டரி மறுபடி செத்தால் அப்பா யாரைக் கூப்பிடுவார்? மாப்பிள்ளையை. மாப்பிள்ளையை இன்னொரு தடவை வீட்டில் பார்க்க வேண்டுமானால் வண்டியைச் சாகடித்தால் போதும். கேஸ் முடிந்தது, வாங்க மிஸ் போவோம்.

லதுஷா மலையூற்று கொட்டும் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் அழுது வீங்கியிருந்தன. கிருஷ்ணராஜ் தன் கண்டுபிடிப்பைப் பாதி சொல்வதற்குள் அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டாள்.

"ரீலோட் போடுற கடைக்குப் பக்கத்துக் கடதான் அவரு கராஜ். எனக்குத் தெனமும் போனுல காசு முடியும். பாக்கணும்னா அப்பா வண்டிய எதுக்கு அண்ணே கொல்லணும்?"

கேஸ் பீலித் தண்ணீரோடு கீழே ஓடியது. கிருஷ்ணராஜ் பள்ளத்தாக்கின் அழகை ரசிக்கிறவன்போல் திரும்பி நின்றுகொண்டான். யசோதினிதான் அவளை மெல்லப் பேசவைத்தாள். செவ்வாய்க் காலை அப்பா அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பசறைக்குப் போய், தைக்கக் கொடுத்திருந்த சட்டையை எடுத்து, அப்படியே வெற்றிலை பாக்கு பழமும் வாங்கி வருவதாக இருந்ததாம். வண்டி கிளம்பாததால் எதுவும் வாங்கவில்லை. வண்டியின் இடதுபக்கக் கண்ணாடி எங்கே என்று யசோதினி கேட்டாள். அது போன மாதம் மாடு மோதி உடைந்ததாக அப்பா சொன்னார் என்றாள் லதுஷா.

திரும்பி வரும்போது யசோதினி வண்டியின் இடதுபக்கத்தைக் காட்டினாள். காலுக்கு முன்னால் இருந்த இரும்புக் கம்பி நசுங்கி, நசுங்கிய இடத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. பாதையோரப் பாலக்கட்டுகளுக்குப் பூசுகிற அதே சுண்ணாம்பு.

"மாட்டுக்கு வெள்ளையடிச்சிருந்தாங்களோ?" என்று கிருஷ்ணராஜ் கேட்டான். கேட்ட பிறகுதான் அவனுக்கே சிரிப்பு நின்றது. தூணின் மேல் விழுந்த முறைப்பு அப்போதுதான் அவன் நினைவுக்கு வந்தது.

பாக்கியலெட்சுமி இரண்டு கோப்பைகளில் பால் விடாத சாயத்தண்ணி கொண்டுவந்தாள். மெலிந்த, சத்தமில்லாத பெண். தட்டில் சீனி டப்பாவும் அதற்குள் ஒரு கரண்டியும் இருந்தன. யசோதினி சீனி போட்டுக்கொள்ளாதவள். கிருஷ்ணராஜுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனாலும் அவள் கரண்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். வாய் நன்றாகத்தான் இருந்தது. காம்பின் நுனிதான் கயிறுபோல் முறுக்கிக்கொண்டு நின்றது. சீனி அள்ளுகிற கரண்டிக்கு வால் முறுக்குமா? எதையாவது திருகியிருந்தால்தான் முறுக்கும்.

கோப்பையை வைத்துவிட்டு அவள் கரண்டியோடு குசினிக்குள் போனாள். கிருஷ்ணராஜ் வாசற்படியில் நின்றுகொண்டான்.

"அக்கா, இந்தக் கரண்டி என்னத்தைத் திருகினது?"

பாக்கியலெட்சுமி அடுப்பை ஊதினாள். எரிகிற அடுப்பை எதற்கு ஊத வேண்டும்? பிறகு ஊதுகுழலை வைத்துவிட்டு, விறகுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு பொட்டலத்தை இழுத்தாள். கொழுந்து பறிக்கப் போகும்போது இடுப்பில் கட்டுகிற படங்கு. அதைப் பிரித்தால் புதுப் பேட்டரி, காய்ந்த பொட்டோடு.

பிறகு மெதுவாகச் சொன்னாள், வெளியே இருப்பவருக்குக் கேட்காத குரலில். அவருக்குக் கண் மங்கி ஒரு வருஷமாகிறது. போன கிழமை தபால் பெட்டியைத் தோட்டத்துத் துரை என்று நினைத்து நின்று சலாம் போட்டிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றால் வீடே அதிர்கிறது. கங்காணிக்குக் கண் தெரியவில்லை என்று வெளியே தெரிந்தால் மலையில் யார் மதிப்பார்கள் என்கிறார். பாலக்கட்டில் மோதியதை மாடு என்றார். அவளும் மாடு என்றே வைத்துக்கொண்டாள். ஆனால் செவ்வாய்க்கிழமை பின்சீட்டில் பிள்ளையை ஏற்றப் போகிறார் என்றபோது அவளால் முடியவில்லை. திங்களன்று கிஷாந்தன் மாமியாருக்கு முன்னால் தன் வித்தையைக் காட்டும் உற்சாகத்தில், கழற்றும்போது கறுப்பு வயர் முதலில், மாட்டும்போது சிவப்பு முதலில் என்று பாடமே நடத்தியிருந்தான். செவ்வாய்க் காலை இவர் பீலிக்குக் குளிக்கப் போன நேரத்தில் அவள் அந்தப் பாடத்தை ஒப்பித்துவிட்டாள். பேட்டரி சரியில்லை என்று பஸ்ஸில் போவார் என்றுதான் நினைத்தாள். பழி அந்தப் பிள்ளைமேல் விழும் என்று நினைக்கவில்லை. திரும்ப மாற்றிவிடலாம் என்றால் மனுஷன் ஸ்டூலை விட்டு எழுந்தால்தானே.

கிருஷ்ணராஜால் அடக்க முடியவில்லை. "எல்லாம் சரி அத்தே. செத்த பேட்டரிக்கு எதுக்குப் பொட்டு?"

பாக்கியலெட்சுமி அவனை, இதுகூடவா தெரியாது என்பதுபோல் பார்த்தாள்.

"ஓடக் கூடாதுன்னுதான் மாட்டுனேன். தப்பித் தவறி ஓடிருச்சுன்னா? அவரு ஏறுற வண்டியாச்சேப்பா."

கிருஷ்ணராஜ் செருப்பைக் கழற்றி வாசற்படிக்கு வெளியே வைத்தான்.

பிறகு அவனே வழி சொன்னான். பேட்டரியைத் தேயிலைச் செடிக்குள் கண்டெடுத்ததாகச் சொல்லலாம். குரங்கு தூக்கிப் போய்ப் போட்டது என்றும் சொல்லலாம், அந்தப் பக்கத்துக் குரங்குகள் எதையும் செய்யும். தட்டு வரும், கல்யாணம் நடக்கும், எல்லோருக்கும் நல்லது.

"பெடியன் தப்புவான்" என்றாள் யசோதினி. "நாளைக்கு வண்டியும் ஓடும்." அவள் பாக்கியலெட்சுமியின் பக்கம் திரும்பினாள். "பற்றரியைக் கண்டுபிடிக்கிறதுதான் அக்கா எனக்குத் தந்த வேலை. அது முடிஞ்சுது. வெளியிலை போய் நான் என்ன சொல்லவேணும் எண்டு நீங்கள்தான் சொல்லோணும்."

பாக்கியலெட்சுமி பதில் சொல்வதற்குள் வாசலில் அழகையாவின் குரல் உயர்ந்தது. கிஷாந்தன் வந்திருந்தான். சாமான் பையைத் திறந்து காட்டுகிறேன், கராஜையும் வந்து பாருங்கள் என்று சொல்லத்தான் ஏறி வந்திருக்கிறான். இஸ்தோப்புப் படியில் கால் வைக்காதே என்று அழகையா தடுத்து நிறுத்திவிட்டார். பையன் தூறலில் நனைந்துகொண்டு முற்றத்தில் நின்றான். பக்கத்து வீட்டுக் கருப்பம்மாவிலிருந்து லயம் முழுக்கக் கதவோரம் வந்துவிட்டது. குடத்தோடு வந்த லதுஷா யார் பக்கம் போவது என்று தெரியாமல் நடுவில் நின்றாள்.

பாக்கியலெட்சுமி படங்கோடு பேட்டரியைத் தூக்கிக்கொண்டாள்.  நேரே போய்ப் புருஷன் காலடியில் வைத்தாள்.

"நான்தான் மாத்துனேன்."

அழகையா சிரித்தார். வண்டிக்கு முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று உனக்குத் தெரியுமா, பையனைக் காப்பாற்றப் பொய் சொல்லாதே என்றார்.

"கழட்டும்போது கறுப்பு மொதல்ல. மாட்டும்போது செவப்பு மொதல்ல" என்றாள் அவள். "ஒங்களுக்குக் கண்ணு தெரியலங்க. புள்ளைய ஏத்திக்கிட்டு நீங்க போறத என்னால பாக்க முடியாது. அதான்."

 அழகையாவின் முகம் கறுத்தது. யாருக்குக் கண் தெரியாது என்று ஸ்டூலிலிருந்து எழுந்தார். ஸ்டூல் விழுந்தது.

யசோதினி குரலை உயர்த்தாமல், அந்தப் பழைய பேட்டரியின் முகத்தை இன்னொரு தடவை பாருங்கோ ஐயா என்றாள். அவர் கோபத்தோடு டோர்ச்சை அடித்தார். அழுக்கு என்றார். தடவிப் பாருங்கோ என்றாள். அழகையா கையை விட்டுத் தடவினார். வெளியே எடுத்த விரலை முதலில் அலட்சியமாகப் பார்த்தார். பிறகு கிட்டக் கொண்டுவந்தார். இன்னும் கிட்ட, மூக்கைத் தொடுமளவுக்கு. விரல் நுனி சிவந்திருந்தது. மோந்து பார்த்தார், சந்தனம் மணத்தது.

அந்தப் பெட்டிக்கு முன்னால்தான் இரண்டு நாளாகக் காவல் இருந்திருக்கிறார்.

"இது எப்ப வச்ச?" என்று மனைவியிடம் கேட்டார். குரல் இறங்கிவிட்டது.

"மாட்டும்போதே வச்சேன்."

அவர் விரலைத் துடைக்கவில்லை.  பிறகு முற்றத்துப் பக்கம் திரும்பினார். கிஷாந்தன் எங்கே நிற்கிறான் என்று தேட வேண்டியிருந்தது. அதை மறைக்காமலே தேடினார்.

"நனையாம மேல வாங்க மாப்பிள. நா பேசுனது தப்பு. இத மாட்டிக் குடுங்க."

லதுஷாவின் குடத்திலிருந்து தண்ணீர் தளும்பித் தரையெல்லாம் ஓடியது.

கிஷாந்தன் சாவியைப் பிடுங்கி வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினான். முதலில் கறுப்பு வயர், பிறகு சிவப்பு. சிதைந்த திருகாணிகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு எடுத்தான், போடும்போது மாமியாரை ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்தான். பேட்டரியை உள்ளே இறக்கி, சிவப்பை இறுக்கி, கறுப்பை இறுக்கி, முனைகளுக்கு வஸ்லின் தடவினான். இந்தத் தடவை பாடம் நடத்தவில்லை. அந்த வீட்டில் இனி யாருக்கும் அது தேவைப்படாது என்று கிருஷ்ணராஜ் யசோதினியின் காதில் சொன்னான். பட்டனை அழுத்தியதும் வண்டி உறுமிக்கொண்டு எழுந்தது. கருப்பம்மா யாரும் கேட்காமலே குலவை போட்டாள்.

அப்போதுதான் வெற்றிலையும் இல்லை, பாக்கும் இல்லை, வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சீப்புப் பழமும் இல்லை என்று எல்லோருக்கும் உறைத்தது. கிருஷ்ணராஜ் ஆட்டோவை எடுக்கப் போனான். அழகையா வேண்டாம் என்று கை காட்டினார்.

உறுமிக்கொண்டிருந்த வண்டியை நிறுத்தி, சாவியை உருவிக் கிஷாந்தனின் கையில் வைத்தார். "நீங்க ஓட்டுங்க" என்றார்.

தன் பரிசத்துக்குத் தானே போய் வெற்றிலை வாங்குகிற மாப்பிள்ளையை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று கிருஷ்ணராஜ் சொன்னான். லயம் சிரித்தது, அழகையாவும் சிரித்தார். பின்சீட்டில் ஏறுவது அவருக்குப் பழக்கமில்லை. வலிக்கிற காலைத் தூக்கி எந்தப் பக்கம் போடுவது என்று தடுமாறினார். ஏறி உட்கார்ந்த பிறகு இரண்டு கைகளையும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தொடையில் வைத்துப் பார்த்தார், சீட்டுக் கம்பியைத் தேடினார், கடைசியில் மருமகனின் தோளைப் பிடித்துக்கொண்டார். வண்டி முற்றத்தைத் தாண்டி, தேயிலைக்கு நடுவே இறங்கும் மண்பாதையில் மெல்லத் திரும்பியது.

அந்த வண்டி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, அது புறப்படும்போதெல்லாம் இஸ்தோப்பில் நின்று 'பாத்துப் போங்க' என்று சொல்லிவிட்டு, சத்தம் தேய்ந்து மறையும்வரை உள்ளே போகாதவள் பாக்கியலெட்சுமி. அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. வண்டி வளைவில் மறைவதற்குள்ளேயே, விழுந்து கிடந்த ஸ்டூலை எடுத்து நிறுத்திவிட்டு, பலகாரத்துக்கு மா பிசைய உள்ளே போய்விட்டாள்.